தேடி வந்த கண்ணும் தள்ளிப்போகும் விரலும்

2015 ஆகஸ்ட் வரை யூடியூபில் வீடியோ ஏற்றியவர்களுக்கு 301 என்ற எண் மறந்திருக்காது. புதிதாகப் போட்ட வீடியோவைக் கூட்டம் வேகமாகப் பார்க்கத் தொடங்கினால், பார்வைக் கணக்கு 301-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். வந்தவர்கள் எல்லாம் மனிதர்கள்தானா, யாராவது கம்ப்யூட்டரை வைத்துக் கணக்கை ஏற்றிவிட்டார்களா என்று யூடியூப் சரிபார்த்து முடிக்கும்வரை அந்த எண் அசையாது. மறுநாள் பார்த்தால் திடீரென ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். அன்றைக்கு ஒரு பார்வை என்பது அவ்வளவு சோதனைக்குப் பிறகு ஏட்டில் ஏறிய ஒன்று.

பார்த்தவரும் அதற்கேற்ற பாடு பட்டுத்தான் வந்தார். ஜியோ வருவதற்கு முன், ஒரு ஜிபி டேட்டாவுக்கு சுமார் 250 ரூபாய் கொடுத்த காலம் அது. யாரோ ஃபேஸ்புக்கில் பகிர்ந்த லிங்க்கை அழுத்தி, நடுவில் சுழலும் வட்டத்தைப் பொறுத்துக்கொண்டு, நின்று நின்று ஓடும் வீடியோவை முடிவுவரை பார்த்தார். காசும் நேரமும் செலவழித்துத் தேடி வந்தவர் ஆரம்பத்தில் இருபது விநாடி சுழலும் லோகோவைக் காட்டினாலும் எழுந்து போகமாட்டார்.

ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த என் போன்றவர்கள் தொழில் கற்றது அந்தப் பார்வையாளரிடம்தான். கேசட் காலத்திலிருந்து வந்த வரிசை ஒன்று உண்டு. முதலில் பிள்ளையார் படம், அடுத்து கோபுரம், பிறகு பூ விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை, பெண் பெயர்கள், பிறகு பத்திரிகையின் நான்கு பக்கங்கள். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள் திரையில் வரவே ஐந்து நிமிடம் ஆகும். பார்க்க உட்கார்ந்தது சொந்தக்காரர்கள். தங்கள் முகம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள். அந்தப் பொறுமையை நம்பித்தான் மிக்ஸிங் செய்தோம்.

இன்றைக்குக் குறுவீடியோ போடும் கடைக்காரர்கள், தையல்காரர்கள், சமையல் செய்பவர்கள், பாட்டுப் பாடுகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: நன்றாகத்தானே எடுத்திருக்கிறோம், ஏன் இருநூறு, முந்நூறு பார்வையோடு நின்றுவிடுகிறது? அவர்கள் வீடியோவைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் முதல் ஐந்து விநாடியிலேயே தெரிந்துவிடும். தேடி வந்து உட்கார்ந்த பழைய பார்வையாளருக்காக எடுத்த வீடியோவை, விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டே பார்க்கிற புதியவர் முன் வைத்திருக்கிறார்கள்.

இந்த மாற்றம் படிப்படியாக வந்தது. 2013-இல் வைன் என்ற செயலி ஆறே விநாடி வீடியோவை அறிமுகப்படுத்தியது. நம் ஊரில் அதைக் கையில் எடுத்தவர்கள் குறைவு. 2015 வாக்கில் டப்ஸ்மாஷ் வந்தபோதுதான் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் வடிவேலு வசனத்துக்கு வாயசைக்காத ஆள் இல்லை என்று ஆனது. ஆனால் அந்த வீடியோக்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் நண்பர்களுக்கிடையே சுற்றியதோடு சரி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி என்ற செயலி டிக்டாக்கோடு இணைந்தது. அதன்பின் நடந்ததை நான் இப்போதும் வியந்துதான் பார்க்கிறேன்.

டிக்டாக் திறந்தவுடன் காட்டியது நாம் பின்தொடர்கிற ஆட்களை இல்லை. முன்பின் தெரியாதவர்களைக் காட்டியது. களை எடுக்கும் பெண்கள், செங்கல் சூளையில் வேலை செய்பவர், பேருந்து நடத்துநர், கணவன் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனியே இருக்கும் பெண் என்று சினிமாவோ டிவியோ எட்டிப் பார்க்காத முகங்கள் வரிசையாக வந்தன. டூயட் என்ற வசதியால் பரமக்குடியில் ஒருவர் பாடிய பாதிப் பாட்டுக்கு சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர் மீதிப் பாட்டைப் பாட முடிந்தது. அதற்கு முன் நம் ஊரில் ஒருவர் முகம் ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் யாரோ ஒருவரின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த வாசல்காரரைத் தாண்டிப் போன முதல் தலைமுறை இவர்கள்தான். அவர்களை அன்றைக்குக் கேலி செய்தவர்கள் ஏராளம். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

2019 ஏப்ரல் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆபாசமும், குழந்தைகள் பாதுகாப்பும் அந்த வழக்கின் அடிப்படைக் கவலைகள். ஏப்ரல் 24-இல் நீதிமன்றமே அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. ஓராண்டு கழித்து, 2020 ஜூன் 29 அன்று, எல்லை மோதலைத் தொடர்ந்து மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் போனது, திரும்பவில்லை. பல லட்சம் பேர் பின்தொடர்ந்தவர்களுக்குக்கூட ஓர் இரவில் அந்தக் கூட்டம் கைவிட்டுப் போயிற்று. ஊரடங்கு நேரம் வேறு. ஒன்பதே நாளில், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸை இறக்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான் சோதனைக்கு வந்தது. மோஜ், ஜோஷ் என்று உள்நாட்டுச் செயலிகளும் ஓடி வந்தன. மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்கள் எல்லோராலும் பழைய இடத்துக்கு வர முடியவில்லை. ஆனால் டிக்டாக் விட்டுச்சென்ற பழக்கம் மட்டும் எல்லாச் செயலிகளிலும் வேரோடிவிட்டது: பின்தொடர்கிறவரைவிட, முன்பின் தெரியாதவருக்குக் காட்டுவது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 2016 வரை இன்ஸ்டாகிராமில் நாம் போட்டது நேர வரிசைப்படி நம்மைப் பின்தொடர்பவர் கண்ணில் பட்டது. ஆயிரம் பேர் பின்தொடர்ந்தால் அந்த நேரத்தில் திறந்தவர்கள் பார்த்தார்கள். இன்று குறுவீடியோவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. செயலி அதை முதலில் ஒரு சிறு கூட்டத்திடம் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் பெரிய கூட்டம். தள்ளிவிட்டால் அங்கேயே ஓய்ந்துவிடும். அந்த இருநூறு, முந்நூறு என்பது பெரும்பாலும் இந்த முதல் கூட்டம்தான். போன மாதம் ஒரு வீடியோ லட்சம் போனது, இந்த மாதம் முந்நூறில் நிற்கிறது என்று புலம்புகிறவர்கள் தங்கள் சேனல் சரிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு வீடியோவும் தனித்தனியாகப் பரீட்சை எழுதுகிறது என்பதுதான் நடப்பு. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் முக்கியமான அளவுகோல்கள் என்று மூன்றைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புதியவர்களை எட்டுவதற்கு மூன்றாவதுதான் பெரிய உதவி.

எண்ணுகிற முறையும் மாறிவிட்டது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை; திரும்ப ஓடினால் இன்னொன்று. குறைந்தபட்சம் இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. உண்மையில் நின்று பார்த்தவர்களின் கணக்கை யூடியூப் தனியாக வைத்திருக்கிறது. வருமானம் கணக்கிடுவது அதை வைத்துத்தான். 301-இல் நிறுத்தி ஆளைச் சரிபார்த்த அதே நிறுவனம், இன்று விரல் கடந்துபோனதையும் எண்ணிக் காட்டுகிறது. ஆகவே பழைய ஆயிரத்தையும் இன்றைய ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

கரூரில் ஆரி வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். கல்யாணப் பிளவுஸுக்கு மணியும் ஜர்தோசியும் வைத்துத் தைப்பவர். கை நேர்த்தி அப்படி இருக்கும். "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுத் தெச்சு, காலைல வீடியோவும் எடுத்துப் போடறேன் தம்பி. பாக்கறதுக்கு ஆளே இல்ல" என்றார். அவர் போட்டதில் ஒன்றை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பது விநாடி வீடியோ. தொடக்கத்தில் கடை பெயர் பொன்னெழுத்தில் சுழன்று வருகிறது. பிறகு அக்கா குரலில், வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு வந்ததற்கு நன்றி, சேனலைப் புதுசாகப் பார்ப்பவர்கள் சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்று வேண்டுகோள். அதற்குள் பன்னிரண்டு விநாடி போய்விட்டது. பிறகு முடிந்த பிளவுஸ் ஒன்றை மேசைமேல் விரித்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் கேமரா மேலும் கீழும் நகர்கிறது. அவ்வளவுதான். அக்கா கையை எங்கும் காணோம்.

யூடியூப் ஸ்டுடியோவில் எந்த விநாடியில் பார்வையாளர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கோடு போட்டுக் காட்டும். எத்தனை சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை சதவீதம் பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்றும் காட்டும். அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. திறந்து காட்டினேன். கோடு மூன்றாவது விநாடியில் மலையிலிருந்து விழுவதுபோல் விழுந்திருந்தது. பிளவுஸ் திரைக்கு வரும்போது பார்க்க ஆளே மிச்சமில்லை. டிசைன் பிடிக்காமல் யாரும் போகவில்லை. டிசைனை யாரும் பார்க்கவே இல்லை. இதைச் சொன்னபோது அக்கா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதுவரை தன் வேலையில்தான் குறை என்று நினைத்திருந்தார்.

அடுத்த வீடியோவை வேறு மாதிரி எடுத்தோம். முதல் நொடியிலேயே ஊசி. ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய கருநீலப் பட்டில், ஊசி முனையில் ஏறிய மணிகள் ஒவ்வொன்றாகத் துணியில் இறங்கி உட்காருகிற காட்சி, மிக அருகில். கூடவே ஒரு வரி எழுத்து: இந்த மயிலுக்கு எத்தனை மணி என்று சொல்லுங்கள். குரலோ பின்னணிப் பாட்டோ கிடையாது. ஊசி துணியைத் துளைக்கும் சத்தம் மட்டும். இடையிலே அக்கா ஓர் இடத்தில் தப்பாகப் போன இழையைப் பிரித்தார். அதை வெட்ட வேண்டாம் என்றேன். பிரித்துத் தைப்பதைப் பார்க்கத்தான் ஆட்கள் நின்றார்கள். கடைசியில் மயில் முழுதாகத் தெரியும் காட்சி இரண்டே விநாடி. அது முடிந்ததும் வீடியோ மறுபடி ஊசியிலிருந்து தொடங்கும்படி வெட்டினோம். பார்த்தவர் முடிந்ததை உணரும் முன் இரண்டாம் முறை ஓட ஆரம்பித்திருக்கும். சேனல் பெயரை எங்கும் சொல்லவில்லை. திரையின் கீழே அது எப்படியும் எழுதியிருக்கிறது.

அந்த வீடியோ லட்சம் போகவில்லை. ஆனால் கோடு விழவில்லை. முன்பைவிடப் பல மடங்கு பேர் பார்த்தார்கள். அதைவிட முக்கியம், கல்யாணம் நிச்சயமான பெண்கள் அதைத் தங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும் அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊர் வீடியோக்கள் சறுக்கும் இடங்களில் சில மிகச் சாதாரணமானவை. மொபைலில் எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் எடிட் செய்பவருக்கு அனுப்பி, அவர் திருப்பி அனுப்பியதை அப்படியே ஏற்றுகிறார்கள். இரண்டு முறை வாட்ஸ்ஆப் அதை நசுக்கிவிட்டது. மங்கலான படத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. அடுப்படியில் எடுப்பவர்கள் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பதைத் துடைப்பதில்லை. ஃபேனுக்குக் கீழே நின்று பேசுகிறார்கள். காலர் மைக் ஒன்று, ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைப்பது, கேமராவை மாற்றுவதைவிடப் பெரிய வித்தியாசம் தரும். எழுத்தைத் திரையின் அடிப்பாகத்தில் போட்டு, பயனர் பெயரும் பொத்தான்களும் அதை மறைக்கவிடுகிறார்கள். பேருந்தில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கு, பேசுவது எழுத்தாக வராவிட்டால் ஒன்றும் புரியாது. ஒரு செயலியில் போட்டதை அதன் முத்திரையோடே இன்னொன்றில் போடுகிறார்கள்; அப்படி முத்திரை தெரியும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. வியாபாரக் கணக்கிலிருந்து சினிமாப் பாட்டை வைத்துப் போட்டால் உரிமைப் பிரச்சினையில் ஒலி அணைந்துபோகும்; ஊமைப் படமாக ஓடும் வீடியோ எத்தனையோ கடைகளின் பக்கத்தில் இருக்கிறது.

இதைவிட எனக்கு வருத்தம் தருபவை வீடியோவைச் சுற்றி வளர்ந்துவிட்ட நம்பிக்கைகள். இத்தனை மணிக்குப் போட்டால்தான் ஓடும் என்று இரவு உணவை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வைரல், டிரெண்டிங் என்று வரிசையாக ஹேஷ்டேக் ஒட்டுகிறவர்கள் உண்டு. அவற்றால் வீச்சு பெரிதாகக் கூடாது என்று மொசேரியே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் கரூர், ஆரி வேலை, பின் கழுத்து டிசைன் என்று வீடியோவில் இருப்பதைச் சாதாரணத் தமிழில் எழுதினால் தேடுகிறவருக்காவது கிடைக்கும். கணக்கை ரகசியமாக முடக்கிவிட்டார்கள் என்று அஞ்சுபவர்கள், இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் கணக்கு நிலை என்ற பக்கத்தைத் திறந்தாலே தங்கள் வீடியோ மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கத் தகுதியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. இல்லாத ஆட்கள் வீடியோவைப் பார்க்கமாட்டார்கள். பின்தொடர்கிறவர்களே பார்ப்பதில்லை என்ற பாடத்தைச் செயலிக்கு நாமே காசு கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த ஃபாலோயர்களை விற்பவர்கள், ஒரு வாரத்தில் வைரல் ஆக்கிக் காட்டுகிறேன் என்று கோர்ஸ் நடத்துபவர்கள், இவர்களிடம் தையல் கூலியைக் கொடுத்து ஏமாந்த பெண்களை நினைத்தால் கோபம் வருகிறது.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைனின் ஆறு விநாடியில் தொடங்கியது ரீல்ஸில் பதினைந்தாகி, முப்பதாகி, அறுபதாகி, தொண்ணூறாகி, 2025 ஜனவரியில் மூன்று நிமிடம் ஆகிவிட்டது. ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலேயே அங்கே வந்துவிட்டது. இடம் கிடைத்ததென்று நிரப்ப வேண்டியதில்லை. கம்பங்கூழ் கரைக்கும் முறைக்கு நாற்பது விநாடி போதும். ஆனால் நெல்லைப் பக்கத்து வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் கதையைத் தொடங்கி, முடிச்சுப் போட்டு, அவிழ்க்க மூன்று நிமிடம் தேவை. பதினைந்து விநாடிக் காலத்தில் அவரால் உள்ளேயே வர முடியவில்லை. இப்போது வரலாம். இந்த மாற்றம் நம் மொழிக்கு நல்லது என்றே நினைக்கிறேன். தமிழில் பேச்சுக்கு ஓர் ஓட்டம் உண்டு. அதை நறுக்கி நறுக்கிப் போட்டதில் கடந்த சில ஆண்டுகளில் எல்லோரும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மதுரைக்காரர் மதுரைக்காரராகவும், யாழ்ப்பாணத்தார் யாழ்ப்பாணத்தாராகவும் பேசுகிற வீடியோவில் என் விரல் தானாக நின்றுவிடுகிறது. எனக்கு மட்டும் அப்படி இருக்காது.

வருமானக் கணக்கும் மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து ஷார்ட்ஸ் விளம்பர வருமானத்தில் படைப்பாளிகளுக்கு ஒதுக்கும் தொகையில் 45 சதவீதத்தை யூடியூப் தருகிறது. அந்தப் பங்கைத் தொட ஆயிரம் சந்தாதாரரும், குறுவீடியோ மட்டும் போடுபவரென்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வையும் வேண்டும். கரூரிலோ காரைக்குடியிலோ கடை வைத்திருப்பவர் இந்த ஒரு கோடியைத் துரத்தத் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது சுற்று வட்டாரத்தில் இருபது வாடிக்கையாளர். டெல்லியில் பத்தாயிரம் பேர் பார்ப்பதைவிட வெள்ளியணையில் ஐம்பது பேர் பார்ப்பது அக்காவுக்குப் பெரிது. யார் எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள் என்ற கணக்கும் செயலியில் இருக்கிறது. மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

அந்த மயில் வீடியோவின் கீழே ஒரு பெண், துவைத்தால் மணி உதிராதா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், உடம்பு பெருத்தால் பிரித்துத் தைக்க இடம் விடுவீர்களா என்று. அக்கா இரண்டுக்கும் நன்றி சகோதரி என்று மட்டும் பதில் போட்டிருந்தார். முதல் கேள்வியை வைத்தே அடுத்த வீடியோ எடுக்கலாம் என்றேன். மறுநாள் அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு வருஷத்துக்கு முன் தனக்கே தைத்த பிளவுஸை அதில் முக்கி, பிழிந்து, உதறிக் காட்டினார். முதல் நொடியில் பிளவுஸ் தண்ணீருக்குள் போகிறது. இரண்டாவது கேள்விக்கான துணி இப்போது ஃப்ரேமில் ஏறியிருக்கிறது.